எலியேசருக்குச் சொல்லாத பதில்

புன்டா அரேனாஸ் துறையில்
தண்டைக் கட்டிப்போடவே மூன்று நாள் ஆயிற்று.
ஓடாத கப்பலுக்கு எதற்கம்மா விலங்கு
என்று கேட்டான் வெல்டர் எலியேசர் மான்சியா.
பதிலுக்கு நிற்கவில்லை,
முகமூடியை இறக்கிக்கொண்டான்.
நீலப்பொறியில் என் பேச்சும் போயிற்று.

இப்போது சொல்கிறேன்.
வடம் பிடித்து இழுத்தால்
கப்பல் சும்மா வரும்.
அதன் விசிறி சும்மா வராது.
எதிர்த்தண்ணீர் நான்கு இதழையும் தள்ளும்,
இதழ் தண்டைத் திருப்பும்.
கடலை உதைத்துப் போன கால்
அது,
இப்போது கடல் அதை உதைக்கும்.
எஞ்சின் செத்துக் கிடக்கிறது.
எண்ணெய் ஊட்டும் பம்பும் அதோடு செத்தது.
தால்காவானோ வரை ஆயிரத்து இருநூறு மைல்,
இரும்பை இரும்பு நக்கிக்கொண்டே வந்தால்
போய்ச் சேருவது வெறும் கூடு.

ஆகவே விளிம்பில் இரண்டு போல்ட் கழற்றி
அந்தத் துளைகளில் உத்தரம் பூட்டி
உத்தரத்தைத் தரையோடு பற்றவைத்து
இருபுறமும் லூமா மர ஆப்பு.
கடைசியாக
தண்டின் மேல் ஒரு வெள்ளைக் கோடு,
பக்கத்துக் கூட்டின் மேல் இன்னொன்று.
இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்கும்வரை
தூங்கலாம்.

மூன்று இரவு பார்த்தன.

நான்காம் இரவு, துயரங்களின் வளைகுடா.
பெயரை வைத்தவன் மிகைப்படுத்தவில்லை.
டார்ச் வெளிச்சத்தில்
மேல்கோடு ஒரு விரற்கடை தள்ளி நின்றது.
வேகத்தைக் குறையுங்கள் என்றேன் ரேடியோவில்.
இழுவைக்கப்பலில் யுத்ரோனிச்,
குரலில் எப்போதும் பாதி உறக்கம்:
"குறைத்தால் புயல் நம்மை நடுவில் பிடிக்கும்.
உனக்குத் தண்டு வேண்டுமா, கப்பல் வேண்டுமா?"

விடை தெரிந்த கேள்வி.
அதனாலேயே கோபம் வந்தது.

இரண்டரை மணிக்குப் பற்றவைப்பு விட்டது.
பெரிய சத்தமில்லை,
பல் பிடுங்கும்போது
தலைக்குள் மட்டும் கேட்குமே, அப்படி.
ஆப்புகள் இருட்டுக்குள் தெறித்தன.
தண்டு சுற்றத் தொடங்கியது
அவசரமே இல்லாமல்.

பாரியா சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.
கையைப் பிடித்து நிறுத்தினேன்.
சுற்றுகிற தண்டில் சங்கிலி வீசுகிறவன்
சங்கிலியோடு போவான்.
கட்டமுடியாததைக் கட்டாதே,
பசிக்கிறது அதற்கு, ஊட்டு.

பீப்பாயில் எண்ணெய் கூழாக உறைந்திருந்தது.
சூப்புப் பானையில் ஊற்றி
எரிவாயு அடுப்பில் இளக்கி
ஏணி ஏணியாக இறக்கினோம்.
கைப்பம்பில் ஆளுக்கு நாற்பது அழுத்து,
பிறகு மற்றவன்.
புறங்கையால் பேரிங்கைத் தொட்டுப் பார்ப்பேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் போல.
வெதுவெதுப்பு. பரவாயில்லை.
சூடு. இன்னும் ஊற்று.
மூன்றாவது கூடு மட்டும்
சொன்னபேச்சு கேட்கவில்லை.

மணி ஐந்து, ஏழு, பத்து.
நாங்கள் பம்பினோமா,
தண்டு எங்களைப் பம்பியதா,
கடைசியில் பிரித்துச் சொல்லமுடியவில்லை.

ஒரு மணிக்குத் தீவு மறைவில்
யுத்ரோனிச் வேகத்தை விட்டான்.
வடம் தொய்ந்து தண்ணீருக்குள் இறங்கியது.
தண்டு இன்னும் அரைச்சுற்று யோசித்து
நின்றது.
வெள்ளைக்கோடு எங்கோ அடியில்.
மறுபடி கட்டினோம், இம்முறை நான்கு போல்ட்.
அன்றிரவு பாரியா அதே பானையில்
உருளைக்கிழங்கு வேகவைத்தான்.
யாரும் ஒன்றும் சொல்லாமல் தின்றோம்.

தால்காவானோவில் ஆய்வாளர் கூடுகளைத் திறந்தார்.
இரண்டில் மயிரிழைக் கீறல்.
மூன்றாவதில் வெள்ளை உலோகம்
மெழுகாக வழிந்து ஒரு ஓரம் ஒதுங்கியிருந்தது.
மாற்றவேண்டும், என்றார். தண்டு பிழைத்தது.
எத்தனை பேர் இருந்தீர்கள் என்று கேட்டார்.
இரண்டு என்றதும்
பேனா சற்று நின்று, மறுபடி ஓடியது.

எலியேசரிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது:
என் வேலை தாங்கியதா?

தாங்கியது என்று எழுதி
எத்தனை இரவு என்பதை
எழுதி
அழித்தேன்.